புகையிற் பிறந்த பெயர்: ஐலாத் தீவின் மோல்ட் விஸ்கி

காய்ச்சிய பாலிற் புகைமணம் ஏறிவிட்டால் அது தேநீருக்கும் உதவாதென ஒதுக்கிவிடுவது நமது வீடுகளின் வழக்கம். அதே அடுக்களையில், அவித்துப் புகையூட்டி வெயிலில் உலர்த்திய மாசிக் கருவாட்டின் துண்டொன்று சேராவிட்டால் சம்பல் சம்பலாவதில்லை. புகை ஓரிடத்திற் குற்றம், மற்றோரிடத்திற் குணம். எது குற்றம், எது குணம் என்பதைத் தீர்மானிப்பது நாவு மாத்திரமன்று. அந்த நாவு வளர்ந்த மண்ணும் அதன் வரலாறுமே ஆகும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஐலா என்னும் சிறு தீவில் உண்டு. அங்கு வடிக்கப்படும் மோல்ட் விஸ்கியின் அடையாளம் அதன் புகைமணம். முதன்முறையாக முகர்ந்து பார்ப்பவர்களிற் பலர், மருத்துவமனையின் கிருமிநாசினியையும் கப்பற்றுறையின் தார் பூசிய கயிற்றையும் ஒன்றாக முகர்ந்தது போன்றதென முகஞ்சுளிப்பர். அதனையே உலகின் நான்கு திசைகளிலிருந்தும் தேடிவந்து, பெரும் பணம் கொடுத்து வாங்கிச் செல்வோரும் உளர். எரிபொருள் இல்லாத குறையினால் வந்தேறிய மணமொன்று எவ்வாறு சட்டத்தினாற் காக்கப்படும் பெயராக மாறியது, அப்பெயருக்காக அத்தீவு கொடுக்கும் விலை யாது என்பன, மது அருந்துவோருக்கு மட்டுமன்றி, மார்க்கக் கட்டளையினாலோ சொந்த விருப்பினாலோ அதனை விலக்கியோருக்கும் அறியத்தக்க விடயங்களாகும்.

மரமில்லாத தீவின் எரிபொருள்

ஐலா ஏறத்தாழ 620 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. சுமார் மூவாயிரம் பேரே அங்கு வாழ்கின்றனர். அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து ஓயாது வீசும் காற்றினால் அங்கு பெருமரங்கள் அரிது. நிலக்கரியும் இல்லை. எனவே அடுப்பெரிக்கவும் குளிர்காயவும் அத்தீவு மக்கள் நாடியது காலடியிற் கிடந்த முற்றா நிலக்கரியையே ஆகும்.

முற்றா நிலக்கரி என்பது நீர் வடியாத சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஹெதர் என்னும் குறுஞ்செடியும் மடிந்து, ஒட்சிசன் இன்மையால் முழுமையாக உக்காது, அடுக்கடுக்காகச் சேர்ந்த படிவாகும். நமது முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் அடியிலும் இத்தகைய படிவு உண்டென்பதைப் புவியியல் கற்ற வாசகர்கள் அறிவர். ஸ்கொட்லாந்தில் இளவேனிற் காலத்தில் நீண்ட மண்வெட்டியினால் இதனைச் செங்கற்கள் போல் அரிந்தெடுத்து, கோடை முழுவதும் காற்றில் உலர வைப்பர். உலர்ந்தபின் அது மெதுவாக எரியும். அடர்ந்த நீலப் புகையைக் கக்கும்.

விஸ்கிக்கு மூலப்பொருளான வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்த வேண்டும். உலர்த்துவதற்கு நெருப்பு வேண்டும். கையிலிருந்த நெருப்பு புகை கக்கும் நெருப்பாதலால் தானியத்திற் புகை ஏறியது. ஆக, புகைச்சுவை எவரும் திட்டமிட்டுக் கண்டுபிடித்த ஒன்றன்று. ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்தின் உட்பகுதி விஸ்கிகளிலும் இப்புகை இருந்தது. 19ஆம் நூற்றாண்டிற் புகையிரதப் பாதைகள் பரவி, நிலக்கரியும் கற்கரியும் உட்பகுதிகளுக்கு மலிவாக வந்துசேர்ந்ததும் அங்குள்ள வடிசாலைகள் படிப்படியாகப் புகையைக் கைவிட்டன. புகையிரதம் செல்லாத ஐலாவில் பழைய அடுப்பே தொடர்ந்து எரிந்தது. பின்தங்கியிருந்தமையே அத்தீவின் தனித்துவமாயிற்று.

துறவியர் மருந்தும் மதுவரியும்

விஸ்கி என்னும் சொல், 'உயிர் நீர்' எனப் பொருள்படும் 'உஷ்க பாஹா' என்னும் கேலிக் மொழித் தொடரின் சிதைவாகும். வடித்தற்கலை ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்த வழியிலே அரபு அறிஞர்களுக்குப் பெரும் பங்குண்டு. மருந்துக்கும் வாசனைத் திரவியத்துக்குமாக அவர்கள் வளர்த்தெடுத்த கலை அது. வடிகலத்தைக் குறிக்கும் 'அலெம்பிக்', மதுசாரத்தைக் குறிக்கும் 'அல்கஹோல்' ஆகிய ஐரோப்பியச் சொற்கள் இரண்டும் அரபு மொழியின் வேரிலிருந்து முளைத்தவை. நமது சித்த வைத்தியரும் வாலையிலிட்டு வடித்த நீரைத் தீநீர் என வழங்குவர். மருந்தாகத் தொடங்கிய வித்தை மதுவாக வளர்ந்தது பிற்காலத்துக் கதை.

ஸ்கொட்லாந்தில் இதற்குரிய மிகப் பழைய எழுத்துச் சான்று 1494ஆம் ஆண்டின் அரச கணக்கேட்டில் உள்ளது. 'உயிர் நீர்' தயாரிப்பதற்காக ஜோன் கோர் என்னும் துறவிக்கு மோல்ட் வழங்கப்பட்டதை அது பதிவுசெய்கின்றது. 1644இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் முதன்முதலாக மதுவரி விதித்தது. வரி வந்ததும் கள்ள வடிப்பும் வந்தது. ஒதுக்குப்புறமான குகைகளும் கடலோரக் குடாக்களும் நிறைந்த ஐலா அதற்கு வாய்ப்பான இடமாயிற்று. 1823ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் அனுமதிப்பத்திரக் கட்டணத்தையும் வரியையும் தணித்ததன் பின்னரே சட்டபூர்வமான வடிப்பு இலாபகரமான தொழிலானது. ஐலாவின் போமோர் வடிசாலை 1779ஐயும், லாஃப்ரோய்க், ஆட்பெக் ஆகியன 1815ஐயும், லகவூலின் 1816ஐயும் தத்தமது தொடக்க ஆண்டுகளாகக் கொள்கின்றன.

தானியத்திற் புகையேறும் விதம்

'சிங்கிள் மோல்ட்' என்னும் பெயரைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்பது அதன் பொருளன்று. முளைவிட்ட வாற்கோதுமையை மாத்திரம் கொண்டு, தனியொரு வடிசாலையில், செப்புக் கலங்களிற் பகுதி பகுதியாக வடிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். பல வடிசாலைகளின் மோல்ட் விஸ்கிகளோடு வேறு தானியங்களிலிருந்து வடித்த மதுவையும் கலந்து தயாரிப்பது கலப்பு விஸ்கி. கடைகளிற் சாதாரணமாகக் காணப்படும் ஸ்கொச் போத்தல்கள் பெரும்பாலும் இவ்வகையினவே.

முதலில் வாற்கோதுமை இரண்டு நாட்களளவில் நீரில் ஊறவைக்கப்பட்டு, பின் கற்றளத்திலே பரப்பப்படும். முளை வரும்போது தானியத்தினுள் நொதியங்கள் விழித்தெழுகின்றன. தேங்கிய மாப்பொருளை வெல்லமாக மாற்றும் ஆற்றல் அவற்றுக்கே உண்டு. ஐந்தாறு நாட்கள் வரை, தானியம் வெப்பமேறிக் கட்டிபடாதவாறு இரவு பகலாகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். முன்னாளில் மரச்சட்டகங்களாற் புரட்டிப் புரட்டித் தொழிலாளரின் தோள்கள் வளைந்துபோனதுமுண்டு. இன்று 2005இல் தோன்றிய கில்ஹோமன் போன்ற சில வடிசாலைகளே தமது தேவையின் ஒரு பகுதியையேனும் இவ்வாறு தளத்தில் முளைக்க வைக்கின்றன. எஞ்சியது, 1970களில் போட் எலன் துறையில் நிறுவப்பட்ட பெரிய மோல்ட் ஆலையிலிருந்தோ பெருநிலப்பரப்பிலிருந்தோ வருகின்றது.

முளை மேலும் வளர்ந்து வெல்லத்தைத் தின்றுவிடுமுன் அதனை நிறுத்தியாக வேண்டும். ஈரத் தானியம் துளையிட்ட தளத்தின் மீது பரப்பப்பட, கீழே முற்றா நிலக்கரி மூட்டப்படும். இங்கு வேண்டப்படுவது சுவாலையன்று, புகையே. நெருப்பு கொழுந்துவிட்டால் ஈரமான தூளைத் தூவி அடக்குவர். புகையிலுள்ள பீனோல் சேர்வைகள் ஈரமான உமியிலேதான் நன்கு படியும். ஆதலால் முதலிற் பல மணித்தியாலங்கள் புகையும், அதன்பின் வெப்பக் காற்றும் செலுத்தப்படும். நமது நாட்டிற் றப்பர்த் தாள்களுக்குப் புகையூட்டும் கூடத்தினுள் நுழைந்தவர்களுக்கு அச்சூளையின் காட்சியை விளக்கவேண்டியதில்லை.

பீனோல் சேர்வைகளுள் குவாயகோல் என்பது விறகுப் புகையின் மணத்தைத் தருவது. கிரெசோல் வகைகள் மருந்து மணத்தைத் தருவன. மருத்துவமனை நினைவுக்கு வருவது வெறும் கற்பனையன்று. 1865இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் காயங்களிற் கிருமி சேராதிருக்கப் பயன்படுத்திய காபோலிக் அமிலம் பீனோலேயாகும். ஐலாவின் கடற்காற்றும், அங்குள்ள முற்றா நிலக்கரியிற் பெருமரங்களின் எச்சம் குறைவாயிருப்பதும் அதன் புகைக்குத் தனியான இயல்பைத் தருகின்றன என்பது அத்தொழிலிற் பழகியோரின் கருத்து.

புகையின் அளவு, உலர்ந்த மோல்ட்டில் உள்ள பீனோலின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகினாற் குறிக்கப்படும். போமோருக்கு இது ஏறத்தாழ 25, லகவூலினுக்கு 35, லாஃப்ரோய்க்குக்கு 40 அளவில், ஆட்பெக்குக்கு 50க்கும் மேல். புரூக்லாடி வடிசாலையின் 'ஒக்டமோர்' வகையில் இது 100ஐத் தாண்டுவதும் உண்டு. அதே வடிசாலை தன் பெயரிலே வெளியிடும் விஸ்கியிற் புகை சேர்ப்பதில்லை. ஐலா விஸ்கிகள் அனைத்தும் புகைமணம் கொண்டவையென எண்ணுவது சரியன்று. மேலும் இவ்வெண்கள் தானியத்தில் அளக்கப்பட்டவை. வடித்து முடிந்த மதுவில் அதிற் பாதிக்கும் குறைவே எஞ்சுவதாற் போத்தலிலுள்ள எண்ணை மாத்திரம் கண்டு மயங்கலாகாது.

செப்புக் கலத்தின் தீர்ப்பு

உலர்ந்த மோல்ட் அரைக்கப்பட்டு, ஏறத்தாழ 64 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரோடு கலக்கப்படும். நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்க, இனிய கரைசல் வடிந்து இறங்கும். எஞ்சும் சக்கை தீவின் மாடுகளுக்கு உணவாகும். கரைசல் ஆறியபின் அதில் மதுவம் இடப்பட, இரண்டு முதல் நான்கு நாட்களில் அது நொதித்து, 8 வீதமளவு மதுசாரம் கொண்ட திரவமாகின்றது. இதுவரை நடந்தது பியர் தயாரிப்பிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

அதன்பின்னர் செப்புக் கலங்களில் இரண்டு தடவை வடிப்பு நிகழும். முதலாம் வடிப்பில் 20 முதல் 25 வீதமளவு மதுசாரம் கொண்ட வடிநீர் கிடைக்கும். இரண்டாம் வடிப்பே விஸ்கியின் தலைவிதியைத் தீர்மானிப்பது. முதலில் வரும் தலைப்பகுதி எளிதில் ஆவியாகும் காரமான பொருட்களைக் கொண்டது, அது விலக்கப்படும். கடைப்பகுதி கனத்த எண்ணெய்த் தன்மையுடையது, அதுவும் விலக்கப்படும். நடுப்பகுதி மாத்திரமே பீப்பாய்க்குச் செல்லும். விலக்கப்பட்டவை அடுத்த வடிப்பிற் மீண்டும் சேர்க்கப்படும்.

பீனோல் சேர்வைகள் கனமானவையாதலாற் பிந்தியே வருகின்றன. எனவே நடுப்பகுதியை எப்போது நிறுத்துவது என்பதே புகையின் தன்மையைத் தீர்மானிக்கும். விரைவில் நிறுத்தினால் மது மென்மையாகும், புகை குன்றும். பிந்தி நிறுத்தினாற் புகை செறியும். ஆனால் வேண்டாத மணங்களும் உடன்வரும். ஒரே மோல்ட் ஆலையில், ஏறத்தாழ ஒரே அளவு புகையூட்டப்பட்ட தானியத்தையே லகவூலினும் கோல் ஈலாவும் பயன்படுத்துகின்றன. எனினும் முன்னையது கனத்த சுவையுடையது, பின்னையது இலேசானது. கலத்தின் வடிவமும் வடிப்பின் வேகமும் நிறுத்தும் கணமும் வெவ்வேறாயிருத்தலே இதற்குக் காரணம். வடிநீர், பூட்டிடப்பட்ட பித்தளைச் சட்டக் கண்ணாடிப் பெட்டியொன்றின் ஊடாகவே ஓடும். 19ஆம் நூற்றாண்டின் மதுவரிக் கட்டுப்பாட்டின் எச்சம் அது. தொழிலாளி கண்ணால் நோக்கலாம். கையால் எடுத்துச் சுவைத்தல் இயலாது.

பிரதிசெய்தற்கு அரிய கலை இது என்பதற்கு ஒரு சம்பவம் சான்றாகும். லகவூலினின் பீற்றர் மக்கி, அயல் வடிசாலையான லாஃப்ரோய்க்கின் விற்பனை முகவர் உரிமையை இழந்தார். அதே சுவையைத் தாமே தயாரித்துக் காட்டுவதென 1908இல் தமது வளவுக்குள் 'மோல்ட் மில்' என்னும் வடிசாலையை அமைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அது இயங்கியது. ஆயினும் லாஃப்ரோய்க்கின் சுவை கைகூடவில்லை.

பீப்பாயும் பொறுமையும்

வடித்த புதுமது நீர்போல் நிறமற்றது. 63.5 வீத மதுசார அளவுக்கு நீர்சேர்த்து அது ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்பப்படுவது வழமை. அமெரிக்காவின் பூர்பன் மது புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கொள்கலன்களிலேயே வைக்கப்படல் வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட அப்பீப்பாய்கள் மலிவாக ஸ்கொட்லாந்துக்கு வருகின்றன. ஸ்பெயினின் ஷெரி முந்திரிகை மதுவைக் கொண்டிருந்த பீப்பாய்களும் வருவதுண்டு. முன்னையவற்றிலிருந்து வனிலாவின் இனிமையும், பின்னையவற்றிலிருந்து உலர்பழத்தின் சாயலும் மதுவில் ஊறுகின்றன.

ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 வீதம் மது மரத்தினூடாக ஆவியாகி மறையும். தேவதூதரின் பங்கென அதனை அவர்கள் கூறுவர். ஆண்டுகள் செல்லச் செல்லப் புகையின் வீறும் தணியும். எனவே வயது முதிர்ந்தது எதுவோ அதுவே சிறந்தது என்னும் பொதுவான நம்பிக்கை புகை விஸ்கிக்குப் பொருந்தாது. புகையின் முழு வலிமையை விரும்புவோர் பத்தாண்டு விஸ்கியையே நாடுவர்.

2009ஆம் ஆண்டின் ஸ்கொச் விஸ்கி ஒழுங்குவிதிகள் இவை யாவற்றையும் சட்டமாக்கியுள்ளன. 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் பீப்பாய்களில் ஸ்கொட்லாந்து மண்ணிலேயே மூன்றாண்டுகளேனும் வைக்கப்படாதது ஸ்கொச் ஆகாது. மதுசார அளவு 40 வீதத்துக்குக் குறையலாகாது. நீரையும் நிறத்துக்கான கருகிய சீனியையும் தவிர எதுவும் சேர்க்கலாகாது. போத்தலில் வயது குறிப்பிடப்படின் அது உள்ளடங்கிய விஸ்கிகளுள் இளையதன் வயதாக இருத்தல் வேண்டும். 2012 நவம்பர் முதல் சிங்கிள் மோல்ட் ஸ்கொட்லாந்திலேயே போத்தலில் அடைக்கப்படவும் வேண்டும். 'ஐலா' என்னும் பெயரும் இவ்விதிகளின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டது. அத்தீவில் வடிக்கப்படாத மது அப்பெயரைச் சூட இயலாது. நிறத்துக்குச் சீனி சேர்க்க இடமுண்டாதலால், செம்மை கண்டு வயதை மதிப்பிடுதல் பேதைமையாகும்.

அருந்தும் முறை

புகை விஸ்கியைச் சுவைப்பது பெரும்பாலும் மூக்கின் வேலை. வாய் குறுகி அடி அகன்ற சிறு கண்ணாடிக் கிண்ணத்திற் சிறிதளவு ஊற்றி, சில நிமிடங்கள் விட்டு முகர்வர். மதுசாரத்தின் எரிவு முதலில் மூக்கைத் தாக்காதிருக்க வாயைச் சற்றே திறந்தவாறு முகர்தல் நன்று. முதலிற் புகை, அதன் பின்னாற் கடலுப்பு, எலுமிச்சை, வனிலா, மிளகு என ஒவ்வொன்றாகத் தோன்றும். சிறு மிடறை நாவில் நிறுத்தி விழுங்கியபின் புகை நெடுநேரம் தங்கும்.

பனிக்கட்டி இட்டாற் குளிரினால் மணம் அடங்கிவிடும். ஆனாற் சில துளி நீர் சேர்ப்பது பழுதன்று. ஐலா மக்களே அவ்வாறு செய்வர். இதற்கு விஞ்ஞான விளக்கமும் உண்டு. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கணினி மாதிரிகளைக் கொண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு, புகைமணம் தரும் குவாயகோல் நீர் சேர்த்து ஐதாக்கிய மதுவில் மேற்பரப்பை நோக்கி எழுகின்றது எனவும், மதுசாரம் மிகச் செறிந்தவிடத்து உள்ளேயே சூழப்பட்டுக் கிடக்கின்றது எனவும் காட்டியது. நீர் புகையை அணைக்கவில்லை, எழுப்புகின்றது.

வீழ்ச்சியும் மீட்சியும்

இன்றைய புகழைக் கண்டு, இச்சுவை என்றும் போற்றப்பட்டதென எண்ணலாகாது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐலா விஸ்கி கலப்பு விஸ்கிக்குச் சிறிது சேர்க்கப்படும் வாசனைச் சரக்காகவே கருதப்பட்டது. சமையலிற் பெருங்காயத்துக்கு உள்ள இடமே அதற்கிருந்தது. அந்நிலையை மாற்ற முயன்றோருள் ஒருவர் பெசி வில்லியம்சன் என்னும் பெண்மணி. கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கலைப் பட்டதாரியான அவர், 1934இல் கோடைகாலத் தற்காலிக எழுத்தராக லாஃப்ரோய்க்குக்கு வந்தார். உரிமையாளர் இயன் ஹன்டர் 1954இற் காலமானபோது வடிசாலையை அவரிடமே விட்டுச் சென்றார். ஆண்களே கோலோச்சிய தொழிலில் 1972இல் ஓய்வுபெறும்வரை அவர் அதனை நடத்தினார்.

1980களில் உலகச் சந்தையில் விஸ்கி தேங்கியபோது முதலிற் பலியானவை இத்தகைய வடிசாலைகளே. ஆட்பெக் 1981இல் மூடப்பட்டது. பின்னர் அவ்வப்போது சிறிதளவே இயங்கி, 1997இற் கைமாறிய பின்னரே முழுமையாக மீண்டது. போட் எலன் 1983இல் மூடப்பட்டு நாற்பது ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தது. மூடப்பட்ட வடிசாலையின் எஞ்சிய பீப்பாய்கள் அரிய பொருளாகி, அவற்றின் விலை ஏறிக்கொண்டே சென்றது. ஈற்றில் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் போட் எலன் மீண்டும் திறக்கப்பட்டது. வேண்டாமென மூடிய கரங்களே தேடித் திறந்த விந்தை இது.

எனினும் உரிமை தீவினரிடம் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். லகவூலினும் கோல் ஈலாவும் போட் எலனும் இலண்டனைத் தலைமையகமாகக் கொண்ட டியாஜியோவுக்கும், லாஃப்ரோய்க்கும் போமோரும் ஜப்பானின் சன்டோரிக்கும், ஆட்பெக் பிரான்சின் எல்விஎம்எச் குழுமத்துக்கும் உரியவை. உரிமை கடல் கடந்தாலும் வடிசாலை கடல் கடக்க இயலாது. சட்டம் அதனைத் தீவோடு பிணைத்துள்ளது. வேலைவாய்ப்பு அங்கேயே தங்குவதற்கு அப்பிணைப்பே காரணம்.

புகையின் விலை

இத்தனைக்கும் அடிப்படையான எரிபொருளுக்கு ஒரு வரையறை உண்டு. முற்றா நிலக்கரி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளர்கின்றது. ஒரு மீற்றர் ஆழம் வெட்டினால் ஓராயிரம் ஆண்டுகளை வெட்டியதாகும். உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 வீதமேயான இந்நிலங்கள், காடுகளனைத்தினதும் தாவரங்கள் கொண்டுள்ளதிலும் அதிகமான காபனைப் புதைத்து வைத்திருக்கின்றன. நீர் வடிக்கப்பட்டு உலர்ந்தால் அக்காபன் வளிமண்டலத்திற் சேரும். அயல்நாடான அயர்லாந்தில் அரச நிறுவனமான போர்ட் நா மோனா, எரிபொருளுக்காக முற்றா நிலக்கரி வெட்டுவதை முற்றாகக் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது.

தோட்டக்கலைக்காக அகழப்படுவதோடு ஒப்பிடின் விஸ்கிக்கென வெட்டப்படுவது சொற்பமே என வடிசாலைகள் கூறுவது பொய்யன்று. குறைந்த எரிபொருளில் அதிக புகை ஏற்றும் முறைகளை அவை தேடுகின்றன. சன்டோரி நிறுவனம் 2021இல் ஸ்கொட்லாந்தின் சதுப்பு நிலங்களை மீட்கும் திட்டமொன்றையும் தொடங்கியது. எனினும் சொற்பம் என்பதனால் அது இலவசமாகிவிடாது. ஊரார் தம் அடுப்புக்கு வெட்டிய காலத்திற் கணக்கு வேறு. உலகச் சந்தைக்கு வெட்டும் காலத்திற் கணக்கு வேறு.

மற்றொரு விலை அருந்துவோரின் உடலிலே செலுத்தப்படுவது. மதுசாரத்தைப் புற்றுநோய்க் காரணியென சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 1988இலேயே வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. பத்தாண்டு பொறுமையாகக் காத்து வடித்த மதுவுக்கும் கள்ளத்தனமாக அவசரத்தில் வடித்ததற்கும் தயாரிப்பில் ஆயிரம் வேறுபாடிருக்கலாம். ஈரலுக்கு அதிலுள்ள மதுசாரம் மதுசாரமே. கலையை வியப்பது வேறு, அதற்கு அடிமையாவது வேறு என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

நாம் ஐலாவிடம் கற்கத்தக்கது குடியையன்று. ஓர் ஊரின் கைவினையைக் குறையெனக் கருதி மாற்றிவிடாமல், அதற்கு எழுத்திலே வரைவிலக்கணம் வகுத்து, பெயரைச் சட்டத்தின் காவலில் வைத்த முறையையே ஆகும். இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றது அவ்வழியில் நாம் வைத்த ஓர் அடியாகும். வடபுலத்துப் பனங்கட்டிக்கும் பனாட்டுக்கும் அத்தகைய கவனம் கிடைத்தல் வேண்டும்.

அதேவேளை ஐலாவின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. பெயரைச் சட்டம் காக்கலாம். சுவையைத் தொழிலாளியின் கை காக்கலாம். ஆயிரம் ஆண்டுகள் அமிழ்ந்து உருவான சதுப்பு நிலத்தை எந்தச் சட்டத்தினாலும் மீள ஆக்கிவிட முடியாது. ஒரு சூளை மூட்டத்திற் சில மணித்தியாலங்களிற் புகையாகிப் போவது அத்தகையதொரு நிலமே. அதனைக் கணக்கில் எடுக்கும் வடிசாலைகளிலேதான் இப்புகை அடுத்த தலைமுறைக்கும் எஞ்சும்.